வம்பலருக்கு ஒரு நாடு

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஃபேன்டசி நாவல் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியது, நானூறு பக்கத்துக்கு மேல் போகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் படித்துச் சொல்லுங்கள் என்று தர்மபுரிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார். கதை நமக்குப் பழக்கப்பட்டதுதான். எங்கிருந்தோ ஒருவன் ஒரு நாட்டுக்கு வந்து சேர்கிறான். அங்கே எல்லாமே கோளாறு. ராஜாவுக்கு நோய், தளபதிக்குப் பேராசை, எல்லையில் பகைவன், மூன்று வருடமாக மழை இல்லை. வந்தவன் அங்கேயே தங்கி, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, கடைசியில் அரியணையில் உட்காருகிறான்.

நாற்பதாவது பக்கத்திலேயே அவன் படைத்தலைவன் ஆகிவிட்டான். அந்த இடத்தில் கட்டை மூடிவைத்துவிட்டு நண்பருக்குப் போன் போட்டேன்.

"நீங்க ஓசூருக்கு வந்த முதல் நாள் என்ன நடந்துச்சு?"

சிரித்துக்கொண்டே சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு வாடகை வீடு தேடிப் போயிருக்கிறார். முதல் வீட்டில் "எந்த ஊரு?" அடுத்த வீட்டில் "கல்யாணம் ஆயிடுச்சா?" மூன்றாவது வீட்டில் கதவையே முழுசாகத் திறக்கவில்லை. நான்காவது வீட்டு அம்மா வாசலில் நின்றபடி ஆட்டோக்காரரிடம் கன்னடத்திலும், உள்ளே இருந்த மகளிடம் தெலுங்கிலும், இவரிடம் தமிழிலும் பேசினார். தெலுங்கில் பேசியது தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் இவருக்குப் புரிந்ததாம். மூன்று நாள் லாட்ஜில் கிடந்துவிட்டுத்தான் வீடு கிடைத்தது.

"அந்த மூணு நாள் உங்க நாவல்ல எங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இந்த வகைக் கதை இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. ஜப்பானில் இதற்கு 'இசெகாய்' என்று தனிப் பெயரே உண்டு, வேற்றுலகம் என்று பொருள். நம் பிள்ளைகள் செல்போனில் பார்க்கிற அனிமேயில் பாதி அதுதான். நம்மூர் ஆள் ஒருவன் திடீரென்று வாளும் மந்திரமும் உள்ள நாட்டில் போய் விழுவான். தமிழில் இதை மிகுபுனைவு என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் டீக்கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் ஃபேன்டசி என்றே எழுதுகிறேன்.

எழுத்தாளர்கள் ஏன் திரும்பத் திரும்ப இந்தச் சட்டகத்துக்கு வருகிறார்கள் என்பதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. கற்பனை நாட்டைப் பற்றி வாசகனுக்கு ஒன்றுமே தெரியாது. உள்ளூர்க்காரனை நாயகனாக வைத்தால், அவன் தனக்குத் தெரிந்ததை யாரிடமும் கேட்கப் போவதில்லை. புதிதாக வந்தவன்தான் "அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன?", "ஏன் எல்லோரும் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறீர்கள்?" என்றெல்லாம் கேட்பான். அவன் கேட்க, வாசகன் தெரிந்துகொள்கிறான். வசதியான ஏற்பாடு. அந்த வசதியிலேயே கோளாறும் இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரு தாத்தாவோ ஒரு பணிப்பெண்ணோ தயாராக நிற்கிறார்கள். நாடு வினாவிடைப் புத்தகமாகி, நாட்டின் கஷ்டங்கள் எல்லாம் இவன் வருகைக்காகவே காத்திருந்த மாதிரி ஆகிவிடுகிறது. நிஜத்தில் ஒரு நாட்டின் தொல்லைக்கு வந்தவனை விட வயது அதிகம். அந்தத் தொல்லையில் ஏற்கெனவே ஆளாளுக்கு ஒரு பங்கு இருக்கும். வந்தவன் அதற்குள் எங்கே போய் ஒட்டுகிறான் என்பதில்தான் கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பரிடம் சொன்னதும் அதுதான். அதை விளக்க எனக்கு வேற்றுலகம் தேவைப்படவில்லை, நான் குடியிருக்கும் ஊரே போதுமானதாக இருந்தது.

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதியமான்களின் தலைநகர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை வீழ்த்தினான். அந்தப் போரைப் பற்றி 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்து தொலைந்துபோய், சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டு என்ற பழைய தொகைநூலில் தப்பிக் கிடக்கின்றன. போரில் இறந்த தகடூர் அதியமான் எழினியை நினைத்து அரிசில்கிழார் பாடிய பாட்டு புறநானூற்றில் 230 ஆவது. அதன் தொடக்கம் இது:

"கன்றமர் ஆயம் கானத்து அல்கவும்,
வெங்கால் வம்பலர் வேண்டுபுலத்து உறையவும்,
களமலி குப்பை காப்பில வைகவும்"

அவன் ஆண்ட காலத்தில் கன்றோடு கூடிய மாட்டு மந்தை காட்டிலேயே இரவு தங்கும். சுடுகிற மண்ணில் நடந்து கால் வெந்து வந்த வம்பலர் தாங்கள் விரும்பிய இடத்தில் தங்கிக்கொள்வார்கள். களத்தில் குவித்த நெல்லுக்குக் காவல் கிடையாது. ஒரு நாடு நன்றாக இருந்தது என்பதற்குப் புலவர் காட்டும் அடையாளங்கள் இவ்வளவுதான். மாளிகை, யானை, பொன் எதுவும் இல்லை. மாடு, வழிப்போக்கர், களத்து நெல். இந்த மூன்றில் நடுவில் நிற்பவர்தான் நம் நாவலின் நாயகன்.

வம்பலர் என்றால் புதியவர், வழிப்போக்கர். 'வம்பு' என்பதற்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் 'வம்பு நிலையின்மை' என்கிறது. இன்றைக்கு வம்பு என்றால் வேண்டாத தொல்லை, ஊர்வம்பு. புதிதாக வந்தவன், ஓரிடத்தில் நிலையில்லாதவன், தொல்லை பிடித்தவன்: ஓசூரில் மூன்றாவது வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து பார்த்த பார்வையில் இந்த மூன்றும் இருந்திருக்கும்.

அதே பாட்டில் இன்னொரு வரி. எழினியின் உயிரைக் கொண்டுபோன கூற்றுவனைப் பார்த்து, நொடித்துப்போன குடியில் பிறந்த உழவன் விதைநெல்லைத் தின்றது மாதிரி செய்துவிட்டாயே என்கிறார். "வீழ்குடி உழவன் வித்து உண்டாங்கு". இவனை விட்டுவைத்திருந்தால் இவன் போர்க்களத்தில் எத்தனை பகைவர் உயிர் உனக்குச் சாப்பாடாகக் கிடைத்திருக்கும் என்பது வாதம். எமனிடமே விவசாயக் கணக்குப் பேசுகிறார். மழை பொய்க்கிற மேட்டுக்காட்டில் விதையைத் தின்பது என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நண்பரின் நாவலில் வறட்சியைக் காட்ட இரண்டு பக்கம் வெடித்த நிலமும் கழுகும் வருகின்றன. விதைச்சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் ஒரு பெண்ணை வைத்திருந்தால் அந்த இரண்டு பக்கமும் மிச்சம்.

இந்த அரிசில்கிழார் ஆச்சரியமான ஆள். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் புகழ்ந்து பாடியவரும் இவரே. வென்றவனைப் பாடிய வாயாலேயே தோற்றவனுக்கும் அழுதிருக்கிறார். எட்டாம் பத்தின் பதிகம் சொல்லும் பரிசு இன்னும் சுவாரசியம். சேரன் ஒன்பது நூறாயிரம் காணம் பொற்காசும் தன் அரசுகட்டிலையும் சேர்த்துக் கொடுக்க, புலவர், நான் கேட்டுக்கொள்கிறேன், இதை நீயே ஆள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சராக இருந்துகொண்டாராம். அரியணை கைக்கு வந்தும் வேண்டாம் என்ற வெளியூர்க்காரன். நம் ஃபேன்டசிகளில் கிரீடத்தை மறுப்பவன் அபூர்வம். மறுத்தாலும் கடைசி அத்தியாயத்தில் ஊரே கெஞ்சித் தலையில் வைத்துவிடும்.

அடுத்தது வாசல். புதியவன் நாட்டுக்குள் நுழையும்போது முதலில் பார்ப்பது ராஜாவை இல்லை, வாயில்காப்போனை. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் நாள் கடத்தியபோது ஔவையார் பாடிய புறம் 206 "வாயிலோயே! வாயிலோயே!" என்று காவல்காரனைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. உன் அரசனுக்குத் தன்னையும் தெரியவில்லையா, என்னையும் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டு, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று முடிக்கிறார். ராஜாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கேட்டுக்கொண்டு நடுவில் மாட்டி நிற்கிறான் அந்தக் காவல்காரன். அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு நல்ல நாவலாசிரியருக்கு அவனை வைத்தே ஒரு அத்தியாயம் எழுத வரும்.

208 ஆவது பாட்டு இன்னும் கறார். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து இதே அதியமானிடம் வருகிறார். அவன் நேரில் பார்க்காமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பொருளைக் கொடுத்தனுப்புகிறான். "காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று மறுத்துவிடுகிறார். என் தகுதியறிந்து, மதித்துக் கொடுத்தால் தினையளவானாலும் இனிது என்கிறார். வந்தவனுக்கு வேண்டியது சோறும் கூலியும் மட்டும்தானா, ஒருவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதுமா? ஓசூர் சிப்காட் வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரம் நின்று பார்த்தால் இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

அதியமானை அவமரியாதைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் போனாலும், இரண்டு நாள் போனாலும், பல நாள் பலரோடு திரும்பத் திரும்பப் போனாலும் முதல் நாள் மாதிரியே விருப்பத்தோடு வரவேற்பான் என்று ஔவையே 101 ஆவது பாட்டில் சொல்கிறார். விருந்தாளியை முதல் நாள் எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், நான்காவது நாள்தான் பரீட்சை. நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981 இல் கண்டெடுத்த தமிழ்பிராமிக் கல்வெட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். "சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று ஒரே வரி. பாளி என்றால் துறவிகள் தங்குவதற்கான குகை. அசோகன் கல்வெட்டில் சோழ, பாண்டியரோடு வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு இது விடை கொடுத்தது என்று வரலாற்றுக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது ஊர் ஊராகத் திரிகிறவர்களுக்கு ராஜா எழுதிக் கொடுத்த வீட்டுப் பத்திரம் மாதிரி தெரிகிறது. அட்வான்ஸ் இல்லை.

இனி ஒரேயடியாகப் பல நூற்றாண்டு தாண்டுகிறேன். பாராமகால் என்ற பெயரில் இந்தப் பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்தது. 1767 இல் மைசூர்ப் போர்கள் தொடங்கியதிலிருந்து கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மலைக்கோட்டைகளைச் சுற்றிப் படைகள் வந்துபோன வண்ணம் இருந்தன. கலங்கிய நாடு என்றால் இதுதான். 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. நிர்வாகம் பார்க்க கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பியது படை அதிகாரிகளை. சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி வராது என்பது ஒரு காரணம். தலைமைக்கு கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை மன்றோ இங்கே இருந்தார், தர்மபுரியில் குடியிருந்தார்.

வந்த வேற்றாள் செய்தது என்ன? வாளை வைத்துவிட்டு நிலத்தை அளக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வயலும் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன விளையும், யார் உழுகிறார் என்று எழுதி, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவன் பேரிலேயே வரியைப் போட்டார்கள். ரயத்துவாரி என்று பெயர்பெற்ற இந்த முறைக்கு இங்கேதான் அடிப்படை விழுந்தது. மன்றோ பிற்பாடு 1820 இல் சென்னை கவர்னரானபோது அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. கம்பெனிக்கு வேண்டியது வசூல், அதில் மயக்கம் வேண்டாம். ஆனால் ஒரு நாட்டை உண்மையில் மாற்றுவது எது என்று ஃபேன்டசி எழுதுகிறவர்கள் யோசிக்க இது நல்ல இடம். நண்பரின் நாவலில் நான்கு போர் நடக்கிறது, ஒருவரும் வரி கட்டுவதில்லை. படைக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்டேன். அரண்மனைக் கிடங்கு என்றார். கிடங்குக்கு எங்கிருந்து வந்தது என்றேன். போனை வைத்துவிட்டார்.

இந்த நில அளவை, வரி நிர்ணயம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் உள்ள பெயர் செட்டில்மென்ட். ஒருவன் ஊரில் செட்டில் ஆவதும் அதே சொல்லின் பிள்ளைதான். தமிழ்நாட்டின் பழைய வருவாய்க் கணக்குகளில் உள்குடி, பரகுடி என்று பிரித்திருப்பார்கள். ஊரிலேயே குடியிருந்து உழுகிறவன் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுதுவிட்டுப் போகிறவன் பரகுடி. பரகுடி எப்போது உள்குடி ஆகிறான்? எத்தனை வருடத்தில், யார் ஒப்புக்கொண்டால், எந்தத் திருமணத்தால், எந்தச் சண்டையால்? ஒரு நாவலுக்குத் தேவையான கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் கிடக்கின்றன.

சண்டை என்றதும் நடுகல் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் நடுகற்கள் நிறையக் கிடைக்கும் மண் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டமும் பக்கத்துத் திருவண்ணாமலையும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலும் பலவற்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அரூர்ப் பக்கம் ஒரு காட்டோரத்தில் புளியமரத்தடியில் நிற்பது. இடுப்பு உயரம்தான் இருக்கும். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், விலாவில் அம்பு. முகம் தேய்ந்து மஞ்சள் அப்பிப் போயிருக்கிறது, எழுத்து பாதி மண்ணுக்குள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் யாருங்க இது என்று கேட்டேன். "வேடியப்பன்" என்றார், நான் கேட்டதே விசித்திரம் என்பது மாதிரி. இந்தப் பக்கத்து நடுகல் வீரர்கள் பலர் வேடியப்பனாகிப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கல்வெட்டில் பெரும்பாலும் ஒரே சேதிதான் இருக்கும்: தொறு கவர வந்தபோது, அல்லது மீட்கப் போனபோது, இன்னான் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. அரசர்கள் பெயர் தேதி சொல்வதற்காக மட்டும் மேலே வரும். கல் நட்டது மாட்டுக்காகச் செத்தவனுக்கு.

வாளேந்திய நாயகனைக் கடைசியில் என்ன செய்வது என்று திண்டாடும் நாவலாசிரியர்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. அவன் பட்டம் சூட வேண்டியதில்லை, யாரோ ஒருவரின் மாட்டுக்காகச் செத்து, பேர் மறந்து, ஊர்ச் சாமி ஆகலாம். செத்த பிறகு அவனை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

கூத்தைச் சொல்லாமல் முடித்தால் இந்த ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடந்தால் இரவெல்லாம் தெருக்கூத்து, கடைசியில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனனைக் கிடத்திப் படுகளம். அதில் விராட பர்வத்துக்குத் தனி மவுசு. விராட பர்வம் படித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கதையைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பதின்மூன்றாவது வருடம் ஆறு பேர் பெயரை மாற்றிக்கொண்டு வேறொருவன் நாட்டுக்குப் பிழைக்க வருகிறார்கள். ஒருவன் சமையல்காரன், ஒருவன் நாட்டிய வாத்தியார், ஒருவன் குதிரைக்காரன், ஒருவன் மாட்டுக்காரன், மூத்தவன் ராஜாவோடு சூதாடப் பேச்சுத்துணை, அந்தப் பெண் ராணிக்குத் தலை பின்னிவிடுகிறவள். அந்த நாட்டிலோ ராஜா பெயருக்குத்தான், பலமெல்லாம் மச்சான் கீசகனிடம்.

பீமன் கீசகனைக் கொல்கிறான். நியாயமான கொலை, கூட்டம் விசிலடிக்கும். அப்புறம்தான் விஷயமே. கீசகன் இல்லை என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து அரசர்கள் விராடன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக வருகிறார்கள். வந்தவர்கள் ஒரு தொல்லையைத் தீர்த்ததே நாட்டின் அடுத்த தொல்லைக்கு வாசல் திறந்துவிடுகிறது. கீசகன் கெட்டவன்தான், ஆனால் எல்லையில் அவன் பெயருக்கு ஒரு பயம் இருந்தது. நண்பரின் நாவலில் கெட்ட தளபதி 180 ஆவது பக்கத்தில் சாகிறான், 181 இல் நாடு சுபிட்சமாகிவிடுகிறது.

கூத்தில் இன்னொரு தந்திரம். எந்த வேஷமும் நேராக மேடைக்கு வந்துவிட முடியாது. இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, கட்டியங்காரன் வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன காரியம் என்று குடைந்து குடைந்து கேட்பான். துரியோதன மகாராஜாவே ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்கிறவன் கோமாளி என்பதால் யாருக்கும் கோபம் வராது. வாயிலோயையும் ஓசூர் வீட்டுக்காரரையும் சேர்த்துச் செய்த மாதிரி ஒரு பாத்திரம்.

சாப்பாட்டை நண்பர் முழுசாக மறந்திருந்தார். அவருடைய நாட்டில் எல்லோரும் ரொட்டியும் திராட்சை மதுவும் சாப்பிடுகிறார்கள், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ஓசூருக்கு வந்த புதிதில் கூட வேலை செய்கிறவர் வீட்டில் அவருக்கு ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் போட்டிருக்கிறார்கள். இவர் களியைச் சோறு மாதிரி மென்றிருக்கிறார். பல்லிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. அந்த வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "மெல்லாத சாமி, கிள்ளிக் கொழம்புல தொட்டு முழுங்கு" என்றாராம். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் தன்னை வேடிக்கை பார்ப்பதை நிறுத்தினார்கள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது. ரொட்டியைப் பற்றி எழுதிய முப்பது பக்கத்திலும் அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

போன வாரம் திருத்திய முதல் நாலு அத்தியாயம் வந்தது. நாயகன் மூன்று நாள் கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். காவல்காரன் தினமும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறான். இரண்டு காவல்காரர்கள் இவனுக்குப் புரியாத மொழியில் இவனைப் பார்த்துப் பேசிச் சிரிக்கிறார்கள். மூன்றாம் நாள் சாயந்திரம் ஒரு கிழவி களி உருண்டை கொண்டுவருகிறாள், அவன் மெல்லுகிறான். வரி விவகாரத்தையும் ஓரிடத்தில் நுழைத்திருக்கிறார், கொஞ்சம் ஒட்டவில்லை, போகப்போகச் சரியாகிவிடும். கடைசி அத்தியாயத்துக் கிரீடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அரிசில்கிழார் கதையைச் சொல்லிப் பார்த்தேன், அதை எடுக்கவே மாட்டேன் என்று நிற்கிறார். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாம் என்று பேச்சு இருக்கிறது, அங்கே பரிசலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.